வயல் பள்ளி என்ஜின்

வீடு தங்கச்சிக்கு. எங்கள் பக்கத்தில் வீடு எப்போதும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அதில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஆனால் எனக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை, என்னிடம் ஒரு கார் இருக்கிறது, அது நிற்கிற கொட்டிலை இடித்துத்தான் கலியாணம் பேசியிருக்கிற தங்கச்சி ஹிமாயாவுக்குப் புது அறை கட்டப் போகிறார்கள்.

சும்மா கார் இல்லை. எம்.ஜி. மிட்ஜெட். இங்கிலாந்தில் செய்தது, சிவப்பு, துணிக்கூரை, இரண்டே பேர் இருக்கலாம். எந்தத் தேயிலைத் தோட்டத்துத் துரையோ விட்டுப்போனது, கைமாறிக் கைமாறி வாப்பாவிடம் வந்தது. வாப்பா அதில் கல்முனை பஸாரால் போனால் மீன் நிறுக்கிறவன் தராசை அப்படியே பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்பான். வாப்பாவின் கடைசிக் காலத்தில் அதன் புளொக் வெடித்துவிட்டது. புளொக் என்றால் என்ஜினின் வார்ப்பிரும்பு உடம்பு. மற்றதெல்லாம் அதற்குள்ளும் அதன் மேலும்தான் பூட்டியிருக்கும். நான் அப்போது கட்டாரில் வேலையில். வாப்பா மௌத்தானதற்கும் வர முடியவில்லை. வந்தபோது கார்தான் இருந்தது.

சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருக்கும் நஸீர் காக்கா வெடிப்பை ஒட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் ஒட்டினால் மறுபக்கம் தண்ணீர் கசிந்தது.

"இது செத்த புளொக்டா றிபாத்," என்றார். "வேற ஒண்டு தேடு. மொரிஸ் மைனர்ட புளொக்கும் இதுக்குச் சரிவரும். ரெண்டும் ஒரே குடும்பம்."

"கிடைக்குமட்டும் காரை இஞ்ச உடட்டா காக்கா?"

"ஓடுற வாகனமெண்டா கொண்டுவா. முன்னால நிப்பாட்டி மாப்பிள்ள ஊர்வலத்துக்கு உடுவம். ஓடாத வாகனம் பின்னால போய்ப் பாரு, எத்தின கிடக்கெண்டு. ஒண்டுக்குள்ள பப்பாசி காய்ச்சிட்டு."

உம்மா அதைவிடக் கறாராகச் சொன்னார். "மேசன் பாஸ் அத்திவாரம் வெட்ட வாறத்துக்குள்ள ஓட வெச்சியெண்டா நஸீர்ட கராஜில உடு. ஓடாட்டி பழைய இரும்புக்காரன் ஏத்திக்கிப் போகட்டும். ஒனக்குக் கட்டிக் குடுக்கக் கொமரு ஒண்டு இரிக்கி, அது பெரிசா, தகரம் பெரிசா?"

அன்றிலிருந்து நான் மொரிஸ் மைனர் தேடினேன். என்னோடு சுஜிந்தன். பாண்டிருப்புக்காரன். மாமாவின் நெல் வெட்டும் மெசினை ஓட்டுகிறவன். அம்பாறை மாவட்டத்தில் அவன் போகாத வயல் இல்லை, அதனால் அவனுக்கு எல்லா ஊரிலும் ஆள் இருந்தது.

அக்கரைப்பற்றில் ஒரு மொரிஸ் கிடைத்தது. பொனட்டைத் திறந்தால் உள்ளே ஜப்பான் என்ஜின். நாவிதன்வெளியில் இன்னொன்று. அதில் என்ஜினே இல்லை, ஒரு கோழி அடை கிடந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய உதிரிப்பாகக் கடைக்கு போன் எடுத்தால், "தம்பி, அந்தப் புளொக்கையெல்லாம் உருக்கிக் கம்பியாக்கி, அந்தக் கம்பியில மாடி வீடும் கட்டியாச்சி" என்று ஒருவர் சிரித்தார். பேஸ்புக்கில் இங்கிலாந்துக்காரன் ஒருவன் படம் போட்டிருந்தான். பெயின்ட் அடித்த, மினுங்குகிற புளொக். நான் அதைத் தொட்டுப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போனை மூடினேன்.

மருதமுனையில் ஒரு தோணிக்காரரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு ஓடினோம். அவர் வலையை உதறியபடியே தலையாட்டினார்.

"ஓம், மொரிஸ் புளொக்தான். நங்கூரமா வெச்சிருந்தன். நல்ல பாரம், சும்மா சொல்லப்படா."

"இப்ப எங்க காக்கா இரிக்கி?"

அவர் நாடியால் கடலைக் காட்டினார். "கயிறு அறுந்திட்டு."

திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து சுஜிந்தன் கேட்டான். "மச்சான், உனக்குச் சுழியோடத் தெரியுமா?"

"பேசாம வா."

"இல்ல, கேட்டன்."

மேசன் பாஸ் வந்து கொட்டிலைச் சுற்றிக் கயிறு பிடித்துக் குற்றி அடித்துவிட்டுப் போனார். கார் கயிற்றுக்கு உள்ளே நின்றது. நான் அதைத் தாண்டிப் போய் டிரைவர் சீட்டில் இருந்தேன். செய்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை.

அப்போதுதான் சுஜிந்தன் மாவடிப்பள்ளி வயலிலிருந்து போன் எடுத்தான். "கதைக்காத. இதக் கேளு." போனுக்குள் ஓர் என்ஜின் ஓடியது. சீராக இல்லை. திக்கித் திக்கி ஓடியது. ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரியும். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வளவுக்குள் கேட்ட குரல். போட்டிருந்த சாரத்தோடேயே போய்விட்டேன்.

வயலுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளிவாசல். வெட்டுக்கும் விதைப்புக்கும் வருகிறவர்கள் தொழுவதற்குக் கட்டியது. கரண்ட் போயிருந்தது. பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குள் பச்சை பெயின்ட் அடித்த மொரிஸ் என்ஜின் ஒன்று பெல்ட் போட்டுப் பம்பைச் சுற்றிக்கொண்டு, தொழுமுன் கை கால் கழுவி வுளூச் செய்யும் ஹவுள் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்தது. புளொக்கைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. இன்னொரு முறை தடவினேன்.

பள்ளியைப் பார்க்கிறவர் அப்துல் ஸமட் ஹாஜியார். ஸலாம் சொல்லிவிட்டு விசயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இத எடுத்துக்கி புது பம்ப் தாறீங்களா? நல்ல விசயம். புதுசத் தாங்க, அதையும் வெப்பம். இத எடுக்கேலா மகன். இது வக்பு, பள்ளிக்கெண்டு குடுத்தது. விக்கேலா, மாத்தேலா, ஆருக்கும் குடுக்கேலா."

"புதுசு இதவிட நல்லா இறைக்கும் ஹாஜியார்."

"இறைக்கும். அதுக்கென்ன. இதுவும் இறைக்கிதே. வேலை செய்யிற சாமான், நாம மாத்த ஏலா. ஸ்டார்ட் பண்ணத்தான் கரைச்சல். கார்புரேட்டர் ஒழுங்கில்ல, கரண்ட் போனா வயல் ஆக்கள் வுளூ இல்லாம நிக்காங்க."

"குடுத்த ஆளோட நான் கதைக்கன். அவர் ஓமெண்டா?"

"அவர் ஓமெண்டாலும் ஏலா. குடுத்தாப் பொறகு அது அவர்ட இல்ல." கொட்டில் பக்கம் திரும்பினார். "இது ஆர்ட பேருக்கோ அவர் மௌத்து, கதைக்கிறெண்டா மையவாடிக்குத்தான் போகணும்."

தோளில் கிடந்த துவாயால் கொட்டில் கதவிலிருந்த பலகையைத் துடைத்தார். கரியும் தூசியும் போக எழுத்து வந்தது. 'மர்ஹூம் சா.லெ. பதியுதீன் அவர்களின் நன்மைக்காக.'

சுஜிந்தன் வாசித்தான், என்னைப் பார்த்தான், பிறகு வயலைப் பார்த்தான்.

"ஒங்களுக்குத் தெரிஞ்ச ஆளா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"வாப்பா," என்றேன்.

வீட்டில் உம்மா கலியாணத்துக்குப் பலகாரம் சுட மா அரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் அரிதட்டு நின்றது.

"ஓம், நான்தான் குடுத்த. வாப்பா பதுளைப் பக்கமிருந்து லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டிக்குள்ள போட்டுக்கி வந்தாரு. என்னத்துக்கெண்டு கேட்டன். ஒரு நாளைக்கு ஒதவும் எண்டாரு. அவ்வளவுதான் சொன்ன. மறுகா நோயில விழுந்திட்டாரு."

"காருக்குத்தான் உம்மா கொண்டு வந்திரிக்காரு."

"அத எனக்கிட்டச் சொன்னாத்தானே தெரியும்? நாப்பதாம் நாள் கத்தத்துக்கு வந்த வயல் ஆக்கள் பள்ளியில தண்ணி இறைக்க வழியில்லையெண்டாங்க. சும்மா கிடக்கிற சாமான், வாப்பாட பேருக்கு நன்மை போகட்டுமெண்டு நிய்யத் வெச்சிக் குடுத்தன்." மாக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்ப நீ போய் அதக் கேட்டியா? அந்தத் தண்ணியில ஒவ்வொருத்தனும் வுளூச் செய்யக்குள்ள வாப்பாக்கு நன்மை போகுது. அத மறிக்கப் போறியா?"

வாப்பா எனக்கு முன்னமே தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். உம்மா அதை வாப்பாவுக்கே அனுப்பிவிட்டார். இதில் யாரோடு கோபிக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

"நல்லா ஓடுதாமா?" என்று உம்மா கேட்டார்.

"திக்கித் திக்கித்தான் ஓடுது. கார்புரேட்டர் பழுது."

உம்மா மாவை அரிக்கத் தொடங்கினார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "ஒண்ட காருல இரிக்கிறத அதுக்குப் பூட்டேலாதா?"

பூட்டலாம். அதுதான் பிரச்சினை. ஒரே குடும்பம்.

இரும்புக்காரனின் லொறி வருவதாகச் சொன்ன காலையில் நான் கொட்டிலுக்குள் போய், கார்புரேட்டர் சோடியை அதன் குழாயோடு சேர்த்துக் கழற்றினேன். டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றினேன். ஹிமாயா தேத்தண்ணி கொண்டுவந்து கயிற்றுக்கு வெளியே நின்றாள்.

"காக்கா, அறையக் கொஞ்சம் சின்னனாக் கட்டச் சொல்லட்டா?"

"விசரா உனக்கு? மாப்பிள்ளைக்குக் கால் நீட்டவும் இடம் வேணும்."

அவள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியை பொனட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள். லொறி வருமுன் நான் மாவடிப்பள்ளிக்கு வந்துவிட்டேன்.

வேலை மத்தியான லுஹர் தொழுகை வரை பிடித்தது. சுஜிந்தன் ஸ்டார்ட் கம்பியைப் போட்டுச் சுழற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. திக்கல் இல்லை, புகை இல்லை. ஹாஜியார் பள்ளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மகன், ரோட்டில ஓடுறாப்போல கிடக்கி சத்தம்."

நான் வேகம் கூட்டும் திறொட்டில் கம்பியை மெல்ல இழுத்தேன். குரல் உயர்ந்தது. இன்னும் இழுத்தேன். பஸார் சந்தியைத் தாண்டி, காரைதீவுப் பாலத்தில் ஏறும்போது வாப்பா கால் வைப்பாரே, அந்த இடத்துக்கு வந்தது. கொட்டில் தகரம் அதிர்ந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து ஹவுளை நிரப்பி, படியால் வழிந்தது.

"போதும் மகன்," என்றார் ஹாஜியார். "நிரம்பிட்டு. வயலுக்க ஓடுது."

"ஓம் ஹாஜியார்," என்றேன். கம்பியை இன்னும் விடவில்லை.