பூஜை போட்ட அலுமினியப் படகு

கயல்விழிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதைதான் ஏறும். மற்ற நாளில் புருஷனை 'வா மாமா, போ மாமா' என்பவள், கோபம் வந்துவிட்டால் 'வாங்க, உட்காருங்க, சொல்லுங்க' என்று ஆரம்பிப்பாள். கௌதமன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவான். ஆனால் லட்சுமணசாமியின் மேல் அவளுக்கு வந்தது டீக்கடைக்குப் போய்த் தப்பித்துக்கொள்கிற கோபம் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

சிறுமுகைக்குக் கிழக்கே அணைத் தண்ணீர் ஏறி நிற்கிற கரையில் லட்சுமணசாமிக்குப் பாக்குத் தோப்பு. தோப்போரமாக ஆறு பரிசல். சொந்தப் பரிசல் இல்லாதவர்கள் அவர் பரிசலை எடுத்துப் போய் வலை போடலாம். கிடைக்கிற மீனில் பாதி அவருக்கு. விடியற்காலைப் பனியில் விறைத்துக்கொண்டு வலை இழுப்பவள் ஒருத்தி. வெயில் வந்த பிறகு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்து தராசுப் பக்கத்தில் நிற்பவர் ஒருத்தர். கயல்விழியின் அம்மா அதே தோப்பில் களை வெட்டினவள். மகள் மண்வெட்டியை விட்டுத் தண்ணீருக்கு வந்தாள். வந்தும் என்ன, பாதி தோப்புக்கேதான் போய்க்கொண்டிருந்தது. சொந்தமாக ஒரு படகு வேண்டும், பிடித்த மீன் முழுசாக வீட்டுக்கு வர வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அது ஒன்றும் பேராசை இல்லை.

லட்சுமணசாமியிடம் ஓர் அலுமினியப் படகும் இருந்தது. எங்கோ ஒரு படகுத்துறையை மூடியபோது ஏலத்தில் எடுத்தது. இரண்டு பேர் தூக்கினால் தலைமேல் வந்துவிடும். பரிசல் மாதிரி வருஷா வருஷம் தார் பூச வேண்டியதில்லை. "அந்தப் படகை விலைக்குக் குடுப்பீங்களாண்ணா?" என்று கயல்விழி ஒருநாள் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். "உனக்கில்லாததா அம்மணி? எடுத்துக்கோ" என்றார் மனுஷன். பிஞ்சுத் தேங்காய் உதிர்ந்தாலும் எண்ணி வைக்கிற ஆள், கேட்ட வாயை மூடுமுன் கொடுக்கிறாரே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கழுத்துச் சங்கிலி படகாக மாறியது.

படகை எடுக்கப் போன அன்று அவர் முந்திக்கொண்டு பூஜையே போட்டு வைத்திருந்தார். முனையில் எலுமிச்சம்பழம், பக்கத்துக்கு ஒரு மாலை. உள்ளே தகடும் தகடும் சேருகிற இடத்தில் ரிவிட் ஆணிகள் வரிசையாகப் போகுமே, ஒவ்வோர் ஆணியின் மேலும் கொழகொழவென்று ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பார்க்கக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது படகு.

"அடிப்பக்கம் ஒருக்கா பாத்துக்கறனுங்கண்ணா. சித்தெ கவுக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

லட்சுமணசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பூஜை போட்ட பொருளைக் குப்புறக் கவுக்கறதா? லட்சுமி கொட்டிப்போகும் கண்ணு."

சுற்றி நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நம்ம பக்கத்தில் இதுதான் சனியன். லேத்து மிஷினிலிருந்து லாரி வரைக்கும் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை அடுத்த வருஷம் வரை துடைக்க மாட்டோம். ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்திவிட்டால் எவன் வாயையும் அடைத்துவிடலாம். தானத்துக்கு வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்குவதைப் பார்ப்பதற்கு என்ன? கயல்விழி பார்க்கவில்லை. அவர் நீட்டிய தேங்காயைத் தன் கையாலேயே உடைத்தாள். வாங்குகிறவர் கையால் தேங்காய் உடைந்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கு மேல் குறை சொல்லக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம்.

அதோடு விட்டாரா? "மாப்பிள்ளையும் ஏறட்டும். மொதப் பயணம் சோடியாப் போகோணும்" என்றார். கௌதமன் மேட்டுப்பாளையம் மண்டியில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிறவன். அவனுக்கு நீச்சல் தெரியாது. அது லட்சுமணசாமிக்கும் தெரியும். ஊருக்கே தெரியும்.

பாதித் தண்ணீர் போவதற்குள் கௌதமன், "கால் ஈரமாகுது கயலு" என்றான். துடுப்புத் தண்ணீர்தான் என்று அவள் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் கணுக்கால் வரை ஏறிவிட்டது. சந்தனம் கரைந்து மஞ்சளாக மிதந்தது. அவள் கரையைப் பார்த்துப் படகைத் திருப்பினாள். கௌதமன் இரண்டு கையாலும் வாரி வாரி ஊற்றினான். ஆள் நிலைக்காத இடத்தில் படகு சரிந்தது. அவன் ஒருதரம் முழுகி எழுந்து கையை உதறினான். 'கயலு' என்றுகூடச் சொல்ல முடியவில்லை, வாயெல்லாம் தண்ணீர். அவள் அவன் தலைமுடியைப் பிடித்து, கவிழ்ந்த படகின் விளிம்பில் அவன் கையைக் கொண்டுபோய் வைத்தாள். அந்த நேரத்தில் அவள் கரையைப் பார்த்தாள். ஆறு பரிசலில் ஐந்து கரையில் கிடந்தன. லட்சுமணசாமி ஒன்றையும் அவிழ்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறாவது பரிசலில் பாதிப் பங்குக்குத் தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த சுப்பண்ணன்தான் அதை அடித்துக்கொண்டு வந்து இரண்டு பேரையும் ஏற்றினார். படகையும் கட்டி இழுத்து வந்து கரையில் போட்டார்.

அன்று சாயங்காலமே தோப்புக்குப் போனாள் கயல்விழி. ஈரப் புடவையைக்கூட மாற்றவில்லை.

"படகுல ஒரு குத்தமும் இல்ல அம்மணி" என்றார் லட்சுமணசாமி, நாலு பேர் கேட்கும்படி. "உங்களுக்கு உட்காரத் தெரியல. ஒருபக்கமாச் சாஞ்சு உக்காந்து, தண்ணிய மொண்டுபோட்டீங்க. தேங்காய் உடைச்சது உன் கைதான? அப்பறமென்ன பேச்சு?" பிறகு குரலில் தேனைத் தடவிக்கொண்டு, "சரி, போவுது. பரிசல் காலியாத்தான் கெடக்குது. நாளைக்கே வா. பழையபடி பாதிப் பங்கு. நான் இருக்கறப்ப நீ எதுக்குக் கவலைப்படறே?" என்றார்.

கயல்விழி வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். ஒருவேளை நாம்தான் சாய்ந்து உட்கார்ந்தோமோ என்று ஒரு சந்தேகம்கூட எட்டிப் பார்த்தது. பெரிய மனுஷன் பொய் சொன்னால் எளியவனுக்குத் தன் மேலேதான் முதலில் சந்தேகம் வரும். என்ன பிறவியோ நாமெல்லாம்!

மறுநாள் படகைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்குக் கொண்டுபோனாள். கல்யாண வீட்டு பிரியாணி அண்டாக்களுக்குக் கைப்பிடி ரிவிட் அடிக்கிற ரசாக் பாய் அங்கே இருந்தார். படகை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று சொல்லித்தான் வேலையில் கை வைத்தார். மிச்சமிருந்த ஒரு சந்தனப் பொட்டை நகத்தால் சுரண்டியவர், விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது சோப்பு!"

"சோப்புங்களா?"

"துணி சோப்பும்மா. லாரிக்காரங்க டீசல் டேங்க் ஒழுகுனா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் அடைப்பாங்களே, அந்த வேலை. ரிவிட்டெல்லாம் ஆடுது. ஒவ்வொரு ஓட்டையிலயும் சோப்ப அப்பி, மேல சந்தனம் வெச்சிருக்கான். தண்ணியில போற படகுக்குச் சோப்பா? எந்தப் படுபாவி இவன்?"

கயல்விழி பட்டறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். படகு பழசு, ஒழுகிவிட்டது என்றால் விதி என்று விட்டுவிடலாம். இது விதி இல்லை. அந்த ஆள் குந்தி உட்கார்ந்து, சோப்பைப் பிசைந்து, ஒவ்வொன்றாக அடைத்து, அதன் மேல் சாமிக்கு வைக்கிற சந்தனத்தை வைத்திருக்கிறார். கரையும் என்று தெரிந்தேதான் கௌதமனையும் ஏறச் சொல்லியிருக்கிறார். படகு போனால் இவள் பாதிப் பங்குக்குத் திரும்பி வருவாள். புருஷனும் போனால் இன்னும் சீக்கிரம் வருவாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகை என்று நினைத்து ரசாக் பாய் டீ வாங்கி வந்து கொடுத்தார். அது அழுகை இல்லை.

பழைய ரிவிட்டெல்லாம் பிடுங்கிப் புதுசு அடித்தார் ரசாக் பாய். படகை இரண்டு கட்டைமேல் தூக்கி வைத்து, உள்ளே தண்ணீரை நிரப்பி, சாயங்காலம் வரை அடியில் ஈரம் கசிகிறதா என்று தடவித் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. ஊருக்குக் கொண்டுவந்ததும் கயல்விழி பளபளத்த புது ஆணிகளின் மேல் தானே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். புது ரிவிட் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த நாள் காலை, மீன் எடை போடுகிற நேரம். ஐஸ் பெட்டி கட்டிய மொபெட்டுகளோடு வியாபாரிகள், பரிசல்காரர்கள், எல்லாரும் கரையில் இருந்தார்கள். கயல்விழி படகைத் தண்ணீரில் தள்ளி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"லட்சுமணசாமியண்ணா, சித்தெ வாங்க. படகுல குத்தமில்லைன்னு சொன்னீங்க. எங்களுக்கு உட்காரத் தெரியலைன்னீங்க. நெசந்தானுங்க. நீங்க ஒருக்கா உக்காந்து காட்டுங்க, பாத்துக் கத்துக்கறமுங்க."

இவ்வளவு மரியாதை வந்தால் ஆபத்து என்று கௌதமனுக்குத் தெரியும். லட்சுமணசாமிக்குத் தெரியாது. சிரித்தார். "எனக்கு முழங்கால் வலி அம்மணி."

"நான் கைப்பிடிச்சு ஏத்தி உடறனுங்க."

"இன்னைக்கு நாள் நல்லால்ல."

"பூஜை போட்ட படகுக்கு எந்த நாளும் நல்ல நாள்தானுங்களே. அக்கட்டக் கரை வரைக்கும் வேண்டாமுங்க. அந்தக் கல்லு வரைக்கும் போய்ட்டு வந்துறலாமுங்க."

"ஏறுங்கண்ணா, இத்தன மரியாதையாக் கூப்புடறா" என்று சுப்பண்ணனும் சொன்னார். வியாபாரிகள் தராசை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். யாரோ லட்சுமணசாமியின் முழங்கையைப் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தார்கள். படகின் உள்ளே வரிசையாக இருந்த சந்தனப் பொட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது. கையை வெடுக்கென்று உதறினார்.

"என்னைய என்ன கேனையன்னு நெனச்சியா? ஓட்டைப் படகுல ஏறச் சொல்றே! கொல்லப் பாக்கறயா?"

"ஓட்டைன்னு நான் சொல்லலீங்களேண்ணா" என்றாள் கயல்விழி. "இந்தக் கரையில ஒருத்தரும் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுங்க?"

அவள் விடவில்லை. ஆணிக்கு ஆணி சோப்பு வைத்ததைச் சொன்னாள். சந்தனத்தால் மூடியதைச் சொன்னாள். இப்போது அத்தனையும் புது ரிவிட், ஒரு சொட்டு ஏறாது என்பதையும் சொன்னாள். "சங்கிலி போனாப் போவுதுங்க. சோறு திங்காம இருந்துக்கலாம். நீங்க ஏத்தி உட்டது எம்புருசனைங்க. அவரு முழுகறதைக் கையக் கட்டிட்டுப் பாத்துட்டு நின்னீங்க. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல."

கௌதமன் அதுவரை பின்னால் நின்றவன். இன்னொரு முறை அவனைத் தண்ணீருக்குக் கூப்பிடும் தைரியம் அவளுக்கு இல்லை, கூப்பிடவும் இல்லை. அவனாகவே வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகில் ஏறி உட்கார்ந்தான். விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கயல்விழிக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளாமல் படகைத் தள்ளி ஏறித் துடுப்பை எடுத்தாள்.

படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போயிருக்கும். லட்சுமணசாமிக்குப் போன மானத்தை எப்படியாவது திரும்பப் பிடித்துவிட ஆசை. பெரிய மனுஷக் குரலில், "பாத்துப் போ கண்ணு, அங்க ஆழம்" என்று கூவினார்.

கயல்விழி துடுப்பை நிறுத்தினாள். அவள் அம்மா அந்தத் தோப்பில் நிமிர்ந்து நின்றுகூடப் பேசியதில்லை. அவளும் பிறந்ததிலிருந்து அவரை அண்ணா என்பதைத் தவிர வேறு சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"டேய் லட்சுமணசாமி!" என்றாள். அக்கரை வரை கேட்டது. "ஆழம் எனக்குத் தெரியும். நீ கரையிலயே நில்லு."

சுப்பண்ணன், லட்சுமணசாமியின் பரிசலுக்குள் வைத்திருந்த தன் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பக்கம் நடந்தார்.