மின்சாரத்தில் நூற்ற தோல்

லீலாவதிக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. கட்டுக்குள் முழங்கை அரித்தது. மேடையில் தோட்டத்துக் கோயில் தலைவர் தங்கராஜு பேச்சை முடிப்பதாக இல்லை.

ரப்பர் ஆலையில் ஆசிட் கொட்டி வெந்த கை. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டும், நாளைக் காலை வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவளுக்குப் பயம். "நல்ல தொடையில எதுக்கும்மா கத்தி? நம்ம ஆபீசு கணக்கு எழுதுற கிராணி மவன் ஜூலியஸ் லண்டன்ல தோலே செய்யிறாரு. இப்ப ஊருக்கு வந்திருக்காரு, பாராட்டுக் கூட்டத்துக்கு வா, பேசி முடிச்சிடுவோம்" என்று தடுத்தவர் தங்கராஜுதான்.

"மின்சாரத்தால் மனிதத் தோல் நெய்யும் தமிழன்!" என்று தலைவர் கர்ஜித்தார். மூன்றாவது பொன்னாடைக்குப் பிறகு ஜூலியஸின் மூக்குக் கண்ணாடி மட்டுமே வெளியே தெரிந்தது.

ஒருவழியாக ஜூலியஸ் பேசினார். பிளாஸ்டிக் கரைசலை ஊசி வழியே விட்டு மின்சாரம் கொடுத்தால், சிலந்தி நூலைவிட மெல்லிய இழையாக நீண்டு வலைபோல் படியுமாம். அந்த வலையைப் பற்றிக்கொண்டு தோலின் செல்கள் வளருமாம். ஒரு துண்டையும் காட்டினார். தலைவர் அதை வாங்கிக் கூட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தார். காற்றாடிக் காற்று அதைப் பறித்து அவருடைய வியர்த்த வழுக்கையில் ஒட்டியது.

"தலைவருக்கு நல்லாப் பொருந்துது லா" என்றது பின்வரிசை.

லீலாவதி சிரிக்கவில்லை. மேடையேறி மைக் முன்னால் நின்றாள். "ஜூலியஸ் அண்ணே, இத என் கையில வைப்பீங்களா?"

"அது வெறும் வலைதாம்மா. செல்லு இன்னும் கண்ணாடித் தட்டுலதான் வளருது. மனுசன் மேல வச்சதில்ல."

"எப்ப வைப்பீங்க?"

"தெரியாது. ஆஸ்பத்திரியில சொன்னதச் செய்யுங்க. தள்ளிப் போட்டா தழும்பு இறுகி, முழங்கை மடங்கினபடியே நின்னுடும்."

"சீக்கிரமே வந்துடும்னு சொல்றாரு" என்று விளக்கினார் தலைவர்.

"அப்பிடி நான் சொல்லல" என்றார் ஜூலியஸ்.

லீலாவதி தலைவர் பக்கம் திரும்பினாள். மைக்கை விட்டு விலகவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போற தோட்டத்து வேனுல வரலன்னு நீங்கதான் சொல்லச் சொன்னீங்க தலைவரே. இப்ப அதுல இடமில்ல. விடியகால பஸ்சும் கிடையாது. உங்க காருல கொண்டுபோயி விட்டுடுங்க."

நாளைக் காலை ராசா ஊரில் ஒரு விழாவில் தங்கராஜு தலைமையுரை ஆற்றவேண்டியிருந்தது. ஆனால் தன் பேச்சு தொழிலாளர் குடியிருப்பின் கடைசி லயம் வரை கேட்கவேண்டுமென்று ஒலிபெருக்கி கட்டச் சொன்னவரும் அவர்தான்; லயத்து வாசல்களில் அவள் கேட்டதைக் கேட்ட ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது.

"அஞ்சு மணிக்கு ரெடியா இரும்மா" என்றார். அன்று அவர் பேசியதில் அதுதான் சுருக்கமானது.