மணமேடையில் ஒரு ஒன்ஸ்மோர்

நான் எழுதிய கதையில் பாட்டு கிடையாது. பபூன் கிடையாது. முனிவர் நிச்சயமாகக் கிடையாது. தன் அப்பா பார்த்து வைத்த, வேலையை விடச் சொல்லும் மாப்பிள்ளையை ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வேண்டாம் என்கிறாள். மறுநாள் வகுப்புக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. மைசூரில் கொட்டகை போட்டிருந்த தமிழ் நாடகக் கம்பெனிக்கு அதை நான் சும்மா தூக்கிக் கொடுத்ததற்குக் காரணம் என் அப்பா.

அப்பா பர்னபாஸ், ரயில்வே கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேதப்புத்தகம் தவிர வேறெதையும் படிக்க மாட்டார். என் கதை அச்சில் வந்தபோது, "நல்லாருக்கு ஐவி" என்று பத்திரிகையின் அட்டையைத் தடவிக் கொடுத்ததோடு சரி. ஆனால் நாடகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவர் எனக்குக் கோலார் தங்கவயலில் ஒரு ஸ்டோர் கீப்பரைப் பார்த்திருந்தார். நான் டீச்சர் வேலையை விட வேண்டும் என்பதுதான் அந்த மகானுபாவரின் ஒரே நிபந்தனை. அதற்குப் பதில் மூச்சை விடச் சொல்லியிருக்கலாம். வேண்டாம் என்று தினமும் சொன்னேன். "பொண்ணுங்க அப்படித்தான் சொல்லும்" என்று அப்பா சுருட்டைப் பற்றவைப்பார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கோலாரிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. நாடகம் அதற்கு முந்தின நாள், பகல் ஆட்டம். மேடையில் ஒருத்தி மறுப்பதைப் பார்த்தாலாவது இந்த மனுஷருக்கு உறைக்காதா என்று நினைத்தேன்.

ஒத்திகை பார்க்கப் போன இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்பெனி முதலாளி ரத்தினசாமி கொள்ளேகால்காரர். அவரிடம் இருந்த திரைகள் அரண்மனை, காடு, கடைத்தெரு. ஆகவே என் ஆசிரியை அரண்மனைத் தர்பாரில் நின்று வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். என் கதையில் வரும் பாதிரியாருக்கு அங்கி இல்லை, ஜடாமுடி இருந்தது. ஆகவே அவர் முனிவராகிவிட்டார்.

"அவள் மனசுக்குள் நினைச்சாள்னு எழுதியிருந்தேனே, அது எங்கே?" என்றேன்.

"மனசுக்குள்ள நெனச்சா கடைசிப் பெஞ்சுக்காரனுக்கு எப்படிங்க அம்மிணி தெரியும்? அதான் பாட்டா வெச்சுட்டனுங்க."

பாடியவர் பெண் வேடம் கட்டும் பழனிமுத்து. காதில் பீடியைச் செருகிக்கொண்டு, 'தாலி வேண்டேன், பள்ளி போதும்' என்று பாடி, தலையை நிமிர்த்தி, இடது பக்கமாக வெளியேறினார். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கடைசிக் காட்சியில் அவருக்கும் அதே மாப்பிள்ளைக்கும் கல்யாணம்!

"இது என்னங்க அக்கிரமம்? இப்பத்தானே வேண்டாம்னு பாடினாள்?"

"கண்ணாலம் வெச்சு, மங்களம் பாடாம தெரை எறக்கப்படாதுங்க. கம்பெனிக்கு ஆகாது. நடுவுல முனிவர் புத்தி சொல்றாருங்கல்ல, புள்ள மனசு மாறிப் போச்சுங்க."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தால்கூடச் சகித்திருப்பேன். இது மாப்பிள்ளையாக அல்லவா முடிந்துவிட்டது! கதையைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். நோட்டீஸ் அடித்தாயிற்று என்றார். அப்பாவோ முன்வரிசைக்கு டிக்கெட்டே வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை கொட்டகை நிறைந்த கூட்டம். பழனிமுத்து பாடியபோது அப்பா மூக்கை உறிஞ்சினார். எல்லோரும் "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். ஒன்ஸ்மோர் கேட்டால் பாடியே தீர வேண்டும். மறுத்தால் பெஞ்சு பறக்கும். பழனிமுத்து மறுபடி பாடிவிட்டுப் போனார். பிறகு முனிவர் வந்தார், புத்தி சொன்னார், மணமேடையும் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். போச்சு, நாளைக்கு நம் கதியும் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நிறுத்துய்யா!"

அப்பாவின் குரல். நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். "அந்தப் பாட்டு! தாலி வேண்டேன்! ஒன்ஸ்மோர்!"

பின்னாலிருந்து கூட்டமும் சேர்ந்துகொண்டது. ரத்தினசாமி திரையோரம் நின்று இரண்டு கையாலும் கும்பிட்டார். யார் கவனித்தார்கள்? ஆர்மோனியக்காரர் சுருதியே பிடித்துவிட்டார். பழனிமுத்து மாலையும் கழுத்துமாக மணையை விட்டு எழுந்து, மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகவே பாடினார். முடித்ததும் தலையை நிமிர்த்தினார். அந்தப் பாட்டுக்குப் பிறகு போய்ப் பழகிய இடது பக்கத்துக்குக் கால் தானாகப் போய்விட்டது.

தாலியும் கையுமாக நின்ற மாப்பிள்ளை, யாருக்குக் கட்டுவது என்று முனிவரைப் பார்த்தார். கைதட்டலில் கொட்டகையே ஆடியது. மங்களமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, திரை இறங்கிவிட்டது.

வீட்டுக்கு நடக்கும்போதும் அப்பாவுக்குச் சூடு தணியவில்லை.

"என்னா மனுஷன் அவளோட அப்பன்! பொண்ணு அவ்ளோ தெளிவா வேண்டாங்கறா. ஒரு வார்த்தை கேக்க வாணாமா? கல்லு மனசு!"

"ஆமாப்பா."

"வேலை செய்யற பொண்ணைச் சும்னே வுட்டா என்னா?"

"நானும் அதைத்தானேப்பா சொன்னேன்?"

அப்பா நடுத்தெருவில் நின்றுவிட்டார். ஜட்கா வண்டிக்காரன் ஒதுங்கச் சொல்லிக் கத்தியும் நகரவில்லை.

"எப்ப சொன்னே?"

"தினம். வீட்ல."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் போகவில்லை. அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"வீட்ல சொல்றது யாரு காதுல விழுது பாப்பா" என்றார், குரல் இறங்கி. பிறகு வந்த வழியே திரும்பினார்.

"தந்தி ஆபீசு இன்னும் தொறந்திருக்குமா?"