பின்தொடை பருத்த மாப்பிள்ளை

ஷஹ்மாவின் ஆராய்ச்சி ஒரே ஒரு ஆணுக்காக நின்றுபோயிருந்தது.

சேற்று வண்டுகளைப் பற்றித்தான் அவள் பட்ட மேற்படிப்பு. திகனையில் வீட்டுக்குப் பின்னால், வயல் முடிந்து சதுப்பு தொடங்கும் இடத்தில், எள்ளளவு வண்டொன்று புல்லுக்குப் புல் பாய்ந்து திரிவதைக் கண்டுபிடித்திருந்தாள். அதற்குப் பின்தொடை பருத்திருக்கும். விரலால் தட்டினால் தவளை மாதிரி எம்பும். அப்படிப் பாய்கிற சாதிகள் இரண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. ஆண் வண்டின் வயிற்று நுனியைத் திறந்து, உள்ளே மடங்கிக் கிடக்கும் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தைப் பார்த்தால்தான் எந்தச் சாதி என்று சொல்லலாம். அவள் பிடித்ததோ எல்லாம் பெண். ஒரு போத்தல் நிறையப் பெண்.

அன்று காலை குசினி வாசலில் நின்றபடி, தன் விரிவுரையாளர் கிருஷாந்தியிடம் போனில் முறையிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு ஆண் கெடச்சாப் போதும் மிஸ். பெரிசு சிறிசு பரவாயில்ல. தொட நல்லாப் பருத்தீக்கணும், பாயணும், அவ்வளவுதான். எந்தச் சாதிண்டு கெடச்ச பொறகு பார்த்துக்கொள்ளலாம். திகனைக்குள்ள தேடிக் களைச்சிட்டன். கலகெதரப் பக்கம் பார்க்கவா?"

குசினிக்குள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த பெரியும்மா ஆஸியா உம்மாவின் கத்தி அப்படியே நின்றது.

அந்த வீட்டில் ஷஹ்மாவின் கல்யாணப் பொறுப்பு முழுவதும் பெரியும்மாவுடையது. வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஷஹ்மா ஏன் தட்டிக்கழித்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் விளங்கியது. பாவம், வீட்டாரிடம் சொல்ல வெட்கப்பட்டு மிஸ்ஸிடம் சொல்கிறாள். சாதி பற்றிய பேச்சு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. நமக்குள் ஏது சாதி? மற்றபடி கேட்டது பெரிய கேள்வியும் இல்லை. ஷஹ்மா வெளியே போனதும் கல்யாணத் தரகருக்குப் போன் எடுத்தார்.

தரகர் சொன்னதையெல்லாம் கொப்பியில் குறித்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "பாயணும்ண்டா, நீளம் பாய்றதா, உயரம் பாய்றதா?"

"எதெண்டாலும் சரி. படிச்ச புள்ள, அதுக்கு என்னமோ ஒரு யோசன ஈக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கலகெதரயிலிருந்து ஷப்ராஸ் வந்தான். பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர். நீளம் பாய்தலில் மாகாண மட்டத்தில் பதக்கம் வாங்கியவன். வெள்ளைச் சேர்ட், வெள்ளைக் காற்சட்டை. கூடவே அவனுடைய உம்மா; சித்தி றலியா என்று பெயர். சேற்றுச் சப்பாத்தோடு சதுப்புக்குப் புறப்பட்ட ஷஹ்மாவை வழியில் மறித்து, சல்வார் மாற்ற வைத்து, பிளேன்டீத் தட்டோடு முன்னால் அனுப்பினார் பெரியும்மா.

"தம்பி, ஒருக்கா எழும்பி நடந்து காட்டுங்க," என்றார்.

ஷப்ராஸ் எழும்பி அலுமாரி வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். பெரியும்மா தலையைச் சாய்த்து அவன் தொடையையே பார்த்தார்.

"சின்ன வயசுல ஈந்தே மகனுக்கு அப்பிடித்தான்," என்று சித்தி றலியா பெருமையாகச் சொன்னார். "கடையில காற்சட்ட எடுக்க ஏலா. தைக்கத்தான் குடுக்கணும்."

ஷஹ்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியும்மா அவள் காதருகே குனிந்தார். "நீ மிஸ்ஸுக்கிட்ட கேட்ட மாதிரியே தேடி எடுத்தீக்கிறன். நல்லாப் பாய்வாராம்."

ஷஹ்மா தேநீர்த் தட்டை மேசையில் வைத்தாள்.

"பெரியும்மா," என்றாள் ஷஹ்மா மெதுவாக, "நான் கேட்டது வண்டு."

ஷஹ்மா தலையைக் குனிந்துகொண்டே எல்லாவற்றையும் விளக்கினாள்: சதுப்பு, பின்தொடை, இரண்டு சாதி, ஆண் கிடைக்காத கவலை. அந்த உறுப்பு வந்த இடத்தில் மட்டும் 'வயிற்று நுனி' என்று சொல்லிச் சமாளித்தாள். சித்தி றலியா தன் மகனைப் பார்த்தார். மகன் தன் தொடையைப் பார்த்தான்.

"அப்ப வண்டுக்குப் பதிலாத்தான் என்னக் கூப்பிட்டீக்கிறாங்க," என்றான் ஷப்ராஸ். கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவனோ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழும்பினான். "எங்க, அதக் காட்டுங்க. என்னவிட நல்லாப் பாயுதாண்டு பார்ப்பம்."

இரண்டு குடும்பமும் சதுப்புக்கு நடந்தது. வண்டு பிடிக்கும் போத்தலை ஷஹ்மா எடுத்துக்கொண்டாள். அதன் மூடியில் இரண்டு குழாய்கள். ஒன்றை வாயில் வைத்து உறிஞ்சினால் மற்றதன் வழியே வண்டு உள்ளே வந்து விழும். வரப்பில் நின்று, நடுவில் தனியாக நின்ற புல்திட்டைக் காட்டினாள். "அங்கதான் நிறைய ஈக்கி. ஆனா போக ஏலா, சேறு."

"இது ஒரு தூரமா?" என்றான் ஷப்ராஸ். செருப்பைக் கழற்றினான். பின்னால் போனான். ஓடி வந்தான். பாய்ந்தான்.

நல்ல பாய்ச்சல்தான். பதக்கம் கொடுத்தவர்கள் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார்கள். ஆனால் வரப்பு ஈரம். எம்பிய கால் வழுக்கிவிட்டது. புல்திட்டுக்கு ஒரு முழம் இப்பால், இடுப்பு வரைக்கும் சேற்றில் இறங்கி நின்றான். அந்த அதிர்ச்சியில் திட்டிலிருந்த வண்டுகள் மொத்தமாக எம்பி, அவனுடைய வெள்ளைச் சேர்ட்டில் எள்ளுத் தூவியது மாதிரி வந்து ஒட்டின.

"அசைய வாணாம்," என்றாள் ஷஹ்மா. சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் இறங்கப் பயந்த சேற்றில் தானும் இறங்கி அவனிடம் போனாள். குழாயை வாயில் வைத்து, அவன் தோளிலும் நெஞ்சிலும் இருந்த வண்டுகளை ஒவ்வொன்றாக உறிஞ்சத் தொடங்கினாள். ஷப்ராஸ் மூச்சையும் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றான்.

"மூக்குல ஒண்டு ஈக்கி," என்றான் உதட்டை அசைக்காமல். அதையும் உறிஞ்சினாள்.

மூக்கிலிருந்ததுதான் ஆண்.

சாப்பாட்டு மேசையில் நுணுக்குக்காட்டியை வைத்து, ஊசி முனையால் ஷஹ்மா அதைத் திறந்தபோது வீடே சுற்றி நின்றது. பெரியும்மா எல்லாரையும் விலக்கிக்கொண்டு முதலில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தள்ளிப் போனார். "வயித்து நுனியாம்," என்றார் சுவரைப் பார்த்து.

படத்தை அனுப்பியதும் கிருஷாந்தி மிஸ் போன் எடுத்தார். "ஓம் ஷஹ்மா, வடிவாத் தெரியுது. நுனி கவட்டை மாதிரி ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. நீர் நினைச்ச சாதி இல்லை, மற்றது. எழுதினதெல்லாத்தையும் மாத்தத்தான் வேணும். ஆர் பிடிச்சது?"

"ஒருத்தர் மூக்கால பிடிச்சார் மிஸ்," என்றாள் ஷஹ்மா. எழுதியதெல்லாம் வீணாகியும் அவள் முகம் நோன்புப் பெருநாள் காலை மாதிரி இருந்தது.

ஷப்ராஸ் குளித்துவிட்டு, ஷஹ்மாவின் வாப்பாவுடைய சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அது அவனுக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. சித்தி றலியா பெரியும்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் புள்ளயப் பிடிச்சீக்கி. எவ்வளவு அடக்கம். மகன் சேத்துல விழுந்து நிக்கிறார், நானே சிரிச்சிட்டன். புள்ள ஒரு சிரிப்புச் சிரிக்கல்ல."

ஷஹ்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "வாயில குழாய் ஈந்தது மாமி. சிரிச்சீந்தா வண்டெல்லாம் வெளிய போயீக்கும்," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அடக்கி வைத்திருந்த சிரிப்பு முழுவதும் வந்துவிட்டது. ஷப்ராஸைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். அவன் சாரத்தை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டு, அவள் நிறுத்தும் வரை பொறுத்துப் பார்த்தான். பிறகு அவனும் சேர்ந்துகொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாக வந்தான், புதுச் சேற்றுச் சப்பாத்தோடு. பெண் பார்க்க வந்தானா, வண்டு பார்க்க வந்தானா என்று பெரியும்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு பிளேன்டீ ஊற்றி, சதுப்புக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.