முத்துநாயகத்தின் சோபாவில் ஒரு வறுமை விசாரணை

1

இந்தக் கதை எனக்குக் குழித்துறை டீக்கடை ஒன்றில் கிடைத்தது. வருவாய்த் துறையில் இருக்கும் நண்பர் சலித்துக்கொண்டார்: "வறுமைய விசாரிக்கப் போனா முந்திரிக்கொத்து எடுத்து வைக்காவ, ஓய். நான் என்னத்த எழுத?" அவரால் எழுத முடியாததை நான் எழுதிப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: தங்கையன் இறந்த அன்று வானமும் அழு

(வேண்டாம். அன்று நல்ல வெயில். பந்தல்காரர் சாட்சி.)

இரண்டாவது: கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்த தங்கையன், ஓய்வு பெறும் முன்பே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வாரிசு வேலை* கேட்டு மகள் பெமிலா மனுப் போட்டிருக்கிறாள். அது கிடைக்காவிட்டால் அவளுக்கும் அம்மா செல்லக்கனிக்கும் வேறு பிழைப்பில்லை. குடும்பம் நிஜமாகவே கஷ்டப்படுகிறதா என்று பார்க்க வருவாய் ஆய்வாளர் வரப்போகிறார்.

* அரசாணையில் இதன் பெயர் கருணை அடிப்படையிலான வேலை. கருணைக்குக் கை நீட்டவேண்டும். வாரிசு என்றால் நிமிர்ந்து நிற்கலாம். எங்கள் மாவட்டம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

3

"பெரிய ஆபீசர் வாராவ. பாயிலயா இருத்துவிய? நம்ம குடும்பத்துக்க மானம் என்னாவும்?" என்றார் தாய்மாமன் முத்துநாயகம், சர்ச் சபைக் கமிட்டி மெம்பர். காலையிலேயே அவருடைய சோபா மினி லாரியில் வந்து இறங்கியது. எதிர்வீட்டு அன்னக்கிளியின் பெரிய டிவி சுவரில் ஏறியது. மாமாவின் கார் முற்றத்தில் நின்றது.

"மாமா, நாம கஷ்டப்படுதோம்னுதானே காட்டணும்?"

"ஏட்டி, கஷ்டம் பேப்பரில இருந்தா போதும். வீட்டில எதுக்கு?"

(இவரை இன்னும் கொஞ்சம் கெட்டவராக்கலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. தங்கையனின் பெட்டியைக் கல்லறைவரை தோள் மாற்றாமல் சுமந்தவர்.)

4

ஆய்வாளர் அம்மா சோபாவில் அமிழ்ந்தார். தட்டில் முந்திரிக்கொத்துப் பலகாரம் வந்தது. வாசலில் பாதி ஊர். பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "இதெல்லாம் உங்களுக்குள்ளதா?"

பெமிலா மாமாவைப் பார்த்தாள். ஆமென்றால் வேலை போயிற்று. இல்லையென்றால் ஊர் முன்னால் மாமாவின் மீசை போயிற்று.

முடிவு அ: அவள் கண்ணீர் மல்க

(பெமிலா அழுகிறவள் இல்லை.)

முடிவு ஆ: அதிகாரியின் நெஞ்சம் உருகி

(உருகுவதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும்.)

பெமிலா எழுந்து நின்றாள்.

"சோபா மாமாக்க. காரும் மாமாக்கதான். டிவி அன்னக்கிளி அக்காக்க. எங்களுக்குன்னு இருந்தது அப்பாக்க வேல மட்டுந்தான், மேடம். அதத்தான் கேக்கோம்."

செல்லக்கனி வந்து மகளின் பக்கத்தில் நின்றுகொண்டாள். முத்துநாயகம் தொண்டையைச் செருமினார். தோற்றுப் பழக்கமில்லாத மனிதர்.

"கேட்டியளா மேடம்? நல்லா எழுதிக்கிடுங்க. எனக்க மருமவளுக்க வறுமையப்போல ஒரு வறும இந்தத் தாலுக்காவிலேயே கிடையாது! உண்டுன்னா ஒருத்தன வரச் சொல்லுங்க, பாப்போம்!"

5

ஆய்வாளர் பேனாவைத் தாளில் ஊன்றி எழுதத் தொடங்கிவிட்டார். என்ன எழுதினார் என்று நான் சொல்லப்போவதில்லை. சோபாவைப் பார்த்தவரும் நீங்கள்தான், பெமிலாவைக் கேட்டவரும் நீங்கள்தான். எழுதுங்கள். நீங்கள் எழுதி முடிக்கும்வரை அவள் உட்காரமாட்டாள்.