நடுத்துண்டு விழாத எழுத்து

1

இந்தக் கதை எனக்கு ஓர் எக்ஸ்ரே படத்தில் கிடைத்தது. பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் மூன்றாம் காம்பரா அழகுமுத்துவின் நெஞ்சுப் படம். விலா எலும்புகளுக்கு நடுவே தடித்த ‘வ’ ஒன்று வெட்டப்பட்டு, பக்கத்து வீட்டுப் பிரேமினியின் மேசையில் கிடந்தது. அடுத்தவர் மேசையை எட்டிப் பார்ப்பது தப்புதான். பார்க்காவிட்டால் கதைக்கு எங்கே போவது?

முதல் வரி இப்படி இருந்தது: ‘அக்கரப்பத்தனையில் பனி இறங்கிய ஒரு காலையில்’

அடித்துவிட்டேன். பனி தினமும்தான் இறங்குகிறது.

2

பிரேமினி, தோட்டத் தொழிற்சாலையில் தேயிலைத் தூள் சாக்குகளுக்கு மார்க் அடிப்பவள். வெட்டுத் தகட்டைச் சாக்கில் வைத்து, மை தோய்த்த பஞ்சால் ஒற்றினால் தோட்டத்தின் பெயர், தூளின் தரம், எண் எல்லாம் தடித்த இங்கிலீசு எழுத்தில் விழும். தமிழுக்குத் தகடு கிடையாது. சாக்கு தமிழ் படிக்காது அல்லவா.

போன வருடம் அவளுக்குத் தாதியர் பயிற்சி நேர்முகத்துக்குக் கடிதம் வந்தது. கையில் கிடைத்தபோது நேர்முகம் முடிந்து நான்கு நாள். எங்கள் லயத்துக் கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். அங்கிருந்து யாராவது தூக்கிவர வேண்டும். மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். வயதுக் கணக்கில் இதுதான் கடைசித் தடவை.

தபால்காரர் ஜீவராஜ் ஒரு வழி சொன்னார்: பன்னிரண்டு கதவிலும் பெயரும் எண்ணும் இருந்தால் வாசலிலேயே தருவார். ஒரு கதவு மொட்டையாக இருந்தாலும் பழையபடி ஆபீசுதான். பிரேமினி லயத்தில் கிடந்த பழைய எக்ஸ்ரே படங்களை வாங்கி, கதவுகளுக்குத் தமிழ்த் தகடு வெட்ட உட்கார்ந்தாள்.

3

(கதை வேகமாகப் போகிறது. எழுத்தைப் பற்றிச் சொல்ல இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன்.)

முதலில் வெட்டிய ‘வ’வின் சுழி, நடுத்துண்டோடு கழன்று விழுந்தது. எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை மட்டும். தமிழில்தான் எத்தனை சுழி! அதனால் ஒவ்வொரு சுழியிலும் இரண்டு மெல்லிய பட்டைகளை வெட்டாமல் விட்டாள். நடுத்துண்டு அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. எல்லாப் பட்டையும் ஒரே சாய்வு. கோட்டைத் தடிப்பாக்கினாள், ஒல்லிக் கோட்டில் பெயின்ட் அடைத்துக்கொள்ளும்.

ஒற்றியபின் பட்டை இருந்த இடம் வெள்ளையாகத் தெரியும். அதைத் தூரிகையால் நிரப்பிவிடேன் என்று நான் யோசனை சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. விட்ட இடத்தையும் சேர்த்துத்தான் எழுத்தாம்.

(இந்தக் கதையிலும் ஓர் இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். போகப் போகத் தெரியும்.)

4

முதலில் தன் கதவில் அடித்தாள். கை பழகிய வரிசையிலேயே போனது: மேலே பெரிதாகத் தோட்டத்தின் பெயர், தரம் வரும் இடத்தில் அவள் பெயர், கீழே எண். லயமே திரண்டு நின்று பார்த்தது. அழகுமுத்துதான் வாயைத் திறந்தார்.

“ஏம்மா, எங்களயும் லொறியில ஏத்தி கொழும்புக்கு அனுப்பப் போறியா?”

சிரிப்பு அடங்க நேரமானது. அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே கதவைத் தேய்த்துக் கழுவி, வரிசையைத் தலைகீழாக்கினாள். ஆளின் பெயர் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக. தோட்டத்தின் பெயர் அடியில், பொடியாக. பதினொரு கதவு முடிந்தது.

5

ஏழாம் காம்பரா மீனம்மா மட்டும் கதவைத் தரவில்லை.

மீனம்மா மறுத்தாள், ஏனென்றால் சாக்கு எழுத்து தனக்கு

(இல்லை. வரிசை மாறியபின் அந்தக் காரணம் நிற்காது.)

மீனம்மா மறுத்தாள், ஏனென்றால் தோட்டத்துத் துரை ஏசுவாரோ என்று

(மீனம்மாவாவது துரைக்குப் பயப்படுவதாவது.)

சரி, உள்ளதைச் சொல்கிறேன். ஆபீசிலிருந்து கடிதங்களைத் தூக்கிவருகிறவள் மீனம்மாதான். யாருக்குக் கோர்ட்டிலிருந்து வந்தது, யாருக்கு வங்கியிலிருந்து வந்தது என்று முதலில் தெரிவது அவளுக்கு. வாசலுக்கு வாசல் தபால் வந்தால் அவளிடம் யார் என்ன கேட்பார்கள்?

போன வருடக் கடிதமும் அவள் பையில்தான் கிடந்தது. அந்தப் பையோடு மஸ்கெலியாவுக்குக் கல்யாணத்துக்குப் போய், ஒரு வாரம் தங்கி வந்தாள். வந்து, “ஆபீஸ்லயே போட்டு வச்சிருந்தாங்க புள்ள” என்றாள்.

மீனம்மா நான்தான். பெயரை மட்டும் மாற்றினேன்.

6

இன்று ஞாயிற்றுக்கிழமை. பிரேமினி பெயின்ட் டின்னோடு வந்து நிற்கிறாள். என் பெயரை, நான் கொடுத்த என் நெஞ்சுப் படத்திலேயே வெட்டியிருக்கிறாள்.

“கதவத் தாங்கக்கா. நீங்க பாக்காம லயத்துக்கு ஒரு காயிதம் வந்துருமா? வாசல்லதான நிப்பீங்க.”

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றேன்.

“அப்ப ஓரத்த அமுக்கிப் புடிச்சுக்குங்க. ஆடுனா பிசிறிரும்.”

இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். அவள் பஞ்சைத் தோய்க்கிறாள். போன வருடக் கடிதத்தைப் பற்றி உள்ளதைச் சொல்வதற்காக வாயைத் திறந்தால் கை ஆடும்; பன்னிரண்டாம் கதவு கெடும். ஒற்றி முடித்தபின் சொல்லலாம்தான். முடித்தபின் நான் சொல்ல மாட்டேன் என்பது இந்த லயத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்?

பஞ்சு கதவுக்கு வந்துவிட்டது.

இந்த ஓரத்தை நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள்.