சோம்பேறி சொர்ணம்

...தான்தானா அது, இல்லை வேறு யாராவது பிள்ளையா, அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே குச்சிக் கால்தானே என்று சவரியம்மாள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள், ஆனால் திரையில் பரட்டைத் தலையும் கன்னத்தில் கரியுமாக நின்ற எட்டு வயதுப் பெண் அவளேதான், அந்தக் கோணல் முன்பல்லைப் பார்த்த பிறகு என்ன சந்தேகம். கடலூர் சுகாதார அலுவலகத்தில் நர்ஸ்களின் மாதாந்திரக் கூட்டத்துக்கு வந்திருந்தாள், சாப்பாட்டு நேரத்தில் சிங்காரம்தான் கூப்பிட்டார், "வாங்க சிஸ்டர், பழைய சுகாதாரப் படமெல்லாம் கடைசியா ஒரு ஓட்டு ஓட்டிப் பாக்கறேன், நல்லா இருக்கறத மெட்ராஸுக்கு அனுப்பணுமாம், மீதிய கழிச்சுக் கட்டச் சொல்லிட்டாங்க." படம் காட்டும் வேனில் முப்பது வருஷம் ஊர் ஊராய்ப் போனவர், நாலு மாதத்தில் ஓய்வு, அவருடைய இந்த அறைக்குக் கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன. ஜன்னலில் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார், புரொஜக்டர் கடகடவென்று ஓடியது, பட்டியல் எழுத உட்கார்ந்திருந்த சுவேதா, வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ மேடம், அந்தப் பொண்ணப் பாருங்களேன், செம காமெடி." சவரியம்மாளும் சிரித்து வைத்தாள்... ஏன் சிரித்தாள்? ஐம்பது வயதாகிறது, இருபத்தெட்டு வருஷம் சர்வீஸ், இன்னமும் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்கத்தான் வருகிறதா? பின்னணியில் அந்த ஆண் குரல், ஓர் எழுத்துக்கூட சிதறாத கணீர்க் குரல், சோம்பேறி சொர்ணம் பல் துலக்க மாட்டாள், சோம்பேறி சொர்ணம் கை கழுவ மாட்டாள், நல்ல கமலாவைப் பாருங்கள் குழந்தைகளே...

கமலாவாக நடித்தது யாரோ டாக்டர் வீட்டுப் பெண், ஷூவும் சாக்ஸும் போட்டுக்கொண்டு ஜீப்பிலேயே வந்திருந்தாள். சிதம்பரத்தில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இவர்கள் தெருவில் அதற்கு முன்பு ஜீப் வந்ததே இல்லை, சினிமா எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதும் அம்மா சிகைக்காய் தேய்த்துக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையைக் கட்டி அழைத்துப் போனாள், கண்ணாடி போட்ட ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை சரியாக இருக்கும் என்றார், அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது, அப்புறம் அவரே பின்னலை அவிழ்த்துக் கலைத்தார், அடுப்புக் கரியை எடுத்துவரச் சொன்னார். அம்மா வேஷத்துக்கும் ஆள் வேண்டும், நீயே நில்லு என்றார். அவ்வளவுதான், ஒரு காலைப் பொழுது. ஆனால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டபோது மொத்த வகுப்பும் திரும்பி அவளைப் பார்த்ததே, அது ஒரு காலையோடு முடிந்ததா? எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும்வரை அவள் பெயர் சொர்ணம், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், தினமும் இரண்டு வேளை குளித்தாள், நகத்தை ரத்தம் வரும்வரை வெட்டினாள். ஒருநாள் அம்மாவிடம் கத்தினாள், "நீ ஏன் ஒத்துகின? நம்ம ஊட்ல யாரும்மா அழுக்கு?" அம்மா முறத்திலிருந்து நிமிரவில்லை. "ஜீப்புல வந்தவங்க கேக்கறாங்க, மாட்டேன்னு எப்பிடிடி சொல்றது." அந்தப் பதிலை அவள் மன்னிக்கவே இல்லை, நர்ஸ் டிரெயினிங்கில் இருந்தபோது மஞ்சள் காமாலையில் அம்மா போய்விட்டாள், மன்னிக்க ஆளும் இல்லாமல் போயிற்று. போட்டோவும் இல்லை, கோயில் திருவிழாவில் எடுத்த குரூப் போட்டோவில் யாருடைய தோளோ அம்மா முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும், இத்தனை வருஷத்தில் அந்த முகமே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்து...

திரையில் அம்மா வந்துவிட்டாள். எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள், ஆனாலும் எவ்வளவு சின்னப் பெண், சுவேதாவைவிட இரண்டு மூன்று வயது கூட இருப்பாளா, காதில் கம்மல் இல்லை, கழற்றச் சொல்லியிருப்பார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் விரலை நீட்டித் திட்டுகிறார், பொறுப்பில்லாத தாய், என்கிறது குரல், அம்மா சொன்னபடி தலையைக் குனிந்து நிற்கிறாள், அப்புறம் அம்மாவின் கை, யாரும் சொல்லாமல், மெல்ல மேலே வந்து பிள்ளையின் பரட்டை முடியைக் கோதி ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகுகிறது, முந்தானை நுனியால் கன்னத்துக் கரியைத் துடைக்கப் போகிறது, அதற்குள் அம்மா திடுக்கிட்டுத் திரையிலிருந்து நேராக இவளைப் பார்க்கிறாள், கை பட்டென்று இறங்குகிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள். நாற்பத்திரண்டு வருஷம் அந்தக் கை நினைவில் இல்லையே, அதட்டல் நினைவிருக்கிறது, கரியின் நெடி நினைவிருக்கிறது, வகுப்பே திரும்பிப் பார்த்த அந்த நாளில் இவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாளோ?

"அண்ணே, நிறுத்துங்க. மறுபடி ஒருதரம் போடுங்க." சிங்காரம் தயங்கினார், பிலிம் ஓரத்து ஓட்டையெல்லாம் கிழிந்திருக்கிறது, பின்னால் சுற்றினால் அறுந்தாலும் அறுந்துவிடும் என்றார். அறுந்தால்? அம்மா என்று உலகத்தில் மிச்சம் இருப்பது இந்த நாலைந்து விநாடிதானே. அவள் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, புரொஜக்டர் விளக்கை அணைத்துவிட்டுக் கையாலேயே, பூத்தொடுப்பதுபோல, சுருளைப் பின்னுக்குச் சுற்றினார்.

"தெரிஞ்சவங்களா மேடம்?" என்றாள் சுவேதா.

"எங்க அம்மா."

"அப்ப அந்தப் பொண்ணு..." சுவேதாவின் பேனா நின்றது. "அய்யோ, சாரி மேடம், நான் பாட்டுக்கு..."

"வுடு. காமெடியாத்தான் இருக்கு."

இரண்டாம் தடவையும் அறுந்துபோகாமல் ஓடியது. கை மேலே வந்தது, முடியை ஒதுக்கியது, இறங்கியது. சுவேதா யாரையும் கேட்காமல் பட்டியலில் நல்ல நிலை என்று எழுதினாள், கிழிஞ்சிருக்கேம்மா என்றார் சிங்காரம், "நல்லாத்தாண்ணே இருக்கு, மெட்ராஸுக்கே போவட்டும், சி.டி.யா மாத்தினதும் மேடத்துக்கு ஒண்ணு கேட்டு வாங்கிடலாம்." சவரியம்மாள் தலையசைத்தாள். அந்தக் குரலும் கூடவேதான் வரும், பொறுப்பில்லாத தாய் என்று அம்மாவைச் சொல்லிக்கொண்டே இருக்கும், வரட்டும், சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கலாம்... குறைத்துவிட முடியுமா? போன வியாழக்கிழமை குமராட்சி முகாமில், பொன்னி என்று ஒருத்தி, நடவிலிருந்து நேராக வந்தவள், பிள்ளையின் தலையில் பேன் புழுத்திருந்தது, "புள்ளைய இப்பிடியா வெச்சினு இருப்ப, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று இவள் கேட்டாள், வரிசை முழுக்கக் கேட்கும்படி, ஓர் எழுத்துக்கூட சிதறாமல். வரிசை சிரித்தது. பொன்னி என்ன செய்தாள்? தலையைக் குனிந்தாளா, அவள் கை எங்கே இருந்தது, பிள்ளையின் தலைமேல் இருந்ததா? சவரியம்மாள் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. இவள் அப்போது நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.